செட்டில் கேட்ட கடல்

முத்துவீரனின் கைச்செட்டு, அதாவது கையில் பிடித்துப் பேசும் வானொலி, எவ்வளவு தூரம் பேசும் என்பதில் மாத்தளைக்குப் பக்கத்து இரத்தோட்டையில் இரண்டு கருத்துகள் இருந்தன. முத்துவீரனைக் கேட்டால் ஜப்பான் வரை என்பார். அவருடைய மனைவி பேச்சியம்மாவைக் கேட்டால் கோழிக்கூடு வரை என்பாள். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது, கொஞ்சம் கோழிக்கூட்டுப் பக்கமாகத் தள்ளி.

செட்டு சீனாவில் செய்தது. துபாயில் வேலை பார்த்த பேச்சியம்மாவின் தம்பி மகன், மாமாவுக்குப் பிடிக்குமே என்று வாங்கி வந்தான். துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. தலையில் ஒரு சாண் ரப்பர் ஏரியல். இடுப்பில் மாட்டும் கொக்கி இரண்டாம் நாளே உடைந்துபோனது. கூட வந்த புத்தகத்தில், ஏரியலை வாயில் வைக்கக் கூடாது, செட்டை மீனோடு சேர்த்துக் கழுவக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தது. உலகத்தில் பொழுதுபோக்குக்காக வானொலியில் பேசுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. லைசன்ஸ் எடுத்து, சம்பளம் இல்லாமல், முகம் தெரியாத ஆட்களிடம் சுகம் விசாரிக்கிறவர்கள். அவர்களில் வசதியுள்ளவர்கள் வாங்கும் செட்டு ஒன்றின் விலைக்கு இதில் ஒரு கூடை வாங்கலாம்.

முத்துவீரன் அந்தக் கூட்டத்தில் முறையாகச் சேர்ந்தவர்தான். அதில் பொய்யில்லை. முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றபின், சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்கினார். அதற்கு முந்திய யுத்த வருடங்களில் ஒரு தமிழன் ஏரியல் வைத்த சாமானோடு ரோட்டில் நடந்தால், அவன் பேசுவதற்கு முன்பே மற்றவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். லைசன்ஸைச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை சாமிகளுக்குப் பொட்டு வைக்கும்போது பேச்சியம்மா அதையும் விட்டு வைப்பதில்லை. கண்ணாடியில் ஒரு மூலை வெடித்திருந்ததால், வருடக் கடைசிக்குள் அரசாங்கத்தின் கையெழுத்து குங்குமத்துக்குள் போய்விட்டது.

இந்த மாதிரிச் செட்டின் குணம் என்னவென்றால், கண் எட்டுகிற தூரம்தான் அதன் குரலும் எட்டும். முத்துவீரனின் முற்றத்தில் நின்று பார்த்தால் மூன்று பக்கமும் மலை. அவருடைய குரல் போய் மலையில் முட்டிக்கொண்டு நின்றது. மாத்தளை டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த சுந்தரலிங்கம் என்ற இன்னொரு லைசன்ஸ்காரரோடு மட்டும், தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி இடது கையைத் தூக்கிக்கொண்டு நின்றால், பேச முடிந்தது. அந்தப் பேச்சும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "கேக்குதா?" "கேக்குது. உங்களுக்கு?" "எனக்கும் கேக்குது."

இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஊருக்குள் எப்படி நடமாடுவது? அதனால் பின்னேரங்களில் மூன்று வீடு தள்ளி இருந்த உம்மு குல்தூமின் அப்பக்கடையில் போட்டிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, முத்துவீரன் ஜப்பானைப் பற்றிச் சொன்னார்.

"ஒசாக்காவுல ஒரு பல்லு டாக்டர், தங்கச்சி. எனக்குப் பழக்கம். நோயாளி வாயில பல்லுப் புடுங்குற குறடு போட்டுக்கிட்டே எங்கிட்டப் பேசுவாரு. முந்தாநாத்து நான் பேசிக்கிட்டு இருக்கறப்ப நம்ம வீட்டுச் சேவல் கூவிருச்சு. 'முத்துவீரன் சான், இப்பத்தான் அங்க விடியுதா'ன்னு கேக்குறாரு. சேவல் சத்தம் கேட்டு அந்த நோயாளி படக்குன்னு வாய மூடிட்டான். குறடு உள்ள மாட்டிக்கிச்சு."

உம்மு குல்தூம் சட்டியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். "பொறகு எடுத்தாங்களா அண்ணன்?"

"அது தெரியல. எனக்கு பற்றரி முடிஞ்சு போச்சு."

அது பொய் என்று வாங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பத்துக்குச் சம்பல் மாதிரி அதையும் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பொய் என்று தெரிந்த அதே ஊர், தேவை என்று ஒன்று வந்ததும் அதை உண்மை என்று நம்பிவிடும் என்பது முத்துவீரனுக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருடம் நத்தார் என்ற கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊர்களுக்குள் வந்தது. டெலிவிஷனில் தெற்கே காலி நகரப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கிழக்கே என்ன நடந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டெலிபோன் எடுத்தால் ஊமையாக இருந்தது. உம்மு குல்தூமின் ஒரே மகள் ஹமீமாவைக் கட்டிக்கொடுத்திருந்தது கிழக்குக் கரையில், மருதமுனையில். படுத்தால் அலைச் சத்தம் கேட்கிற வீடு என்று கல்யாணம் முடிந்த புதிதில் உம்மு குல்தூம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் முத்துவீரனின் வாசல் படலைக்கு வந்தாள். கையில் ஒரு துணிப் பை. பள்ளிவாசலில் அரிசியும் உடுப்பும் சேர்த்து ஒரு லொறி கிழக்குக்குப் புறப்படத் தயாராக நின்றது. பன்னிரண்டு மணிக்குப் பயணம். டிரைவருக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். ரோட்டிலிருந்து நாலைந்து பேர் அவள் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

"அண்ணன், ஒங்கட செட்டுல ஒருக்காக் கேட்டுப் பாருங்க. வேற ஒண்டும் வாணாம். என்ட மகள் உயிரோட ஈக்கிறாளா எண்டு மட்டும் கேளுங்க."

எட்டாது தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஒசாக்கா வரை போய் வந்த நாக்குக்கு அந்த இரண்டு வார்த்தையைத் தூக்க முடியவில்லை. பின்னால் நின்ற நாலைந்து பேரின் முகங்களைப் பார்த்ததும் அது இன்னும் கனத்தது. சரி, பொத்தானை அழுத்திக் கூப்பிட்டுப் பார்ப்போம், யாரும் பதில் சொல்லப் போவதில்லை, ஆள் இல்லை என்று சொல்லிவிடலாம், அது பொய்யாகவும் இருக்காது என்று நினைத்தார்.

முற்றத்தில் நின்று லைசன்ஸோடு கொடுத்த தன் அழைப்புக் குறியைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டார். செட்டு கல்லாக இருந்தது. உம்மு குல்தூம் செட்டைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செட்டு செத்துப்போன மாதிரி இருக்கிறதே என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது. செட்டின் பக்கவாட்டில் இன்னொரு சின்னப் பொத்தான் உண்டு. ஆகாயத்தில் எப்போதும் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும், காது வலிக்காமல் இருக்கச் செட்டு அதை மூடி வைத்திருக்கும். அந்தப் பொத்தானை அழுத்தினால் மூடி திறந்துவிடும். ஏதாவது ஒரு சத்தம் வரட்டும் என்று முத்துவீரன் அதை அழுத்தினார்.

ஸ்ஸ்ஸோ என்று இரைந்தது.

உம்மு குல்தூம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது... அது கடலா அண்ணன்?"

"ஆமா," என்றார் முத்துவீரன்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. செட்டைக் காதில் வைத்தார். "சரி... சரி... வெளங்குது," என்றார். தலையை ஆட்டினார். பிறகு செட்டை இறக்கி, "பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காங்களாம். ஒங்க மகளும் அங்கதான் இருக்காம். சொகமா இருக்காம்," என்றார்.

அவள் அழவில்லை. முற்றத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்தபோது பாரம் இறங்கி ஆளே இளசான மாதிரி இருந்தது.

"அப்ப நான் லொறியில போய் என்ன செய்ய? என்ட எடத்துல ரெண்டு மூடை அரிசி போகுமே. பாவம், ஒண்டுமில்லாத சனங்களுக்கு ஒதவும். ரோட்டெல்லாம் சரியானபொறகு நான் போறன்."

இது முத்துவீரனின் கணக்கில் இல்லாதது. பன்னிரண்டு மணிக்கு லொறி அவர் வீட்டுப் பக்கமாகத்தான் போனது. முகப்பில் "இரத்தோட்டை மக்கள்" என்று எழுதிய வெள்ளைத் துணி. முன் சீட்டில் இரண்டு அரிசி மூடைகள், மனிதர்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன.

பேச்சியம்மா எல்லாவற்றையும் அடுப்படியில் நின்று குசினி ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

"சேவல் கூவின கதையில எனக்குக் கோவமில்ல. சேவலுக்கு அதுல ஒரு நட்டமும் இல்ல. இது வேற. போய்ச் சொல்லிட்டு வாங்க."

"எப்பிடிப் புள்ள சொல்றது?"

"வாயாலதான். ஒங்க ஒடம்புல அது ஒண்ணுதானே இன்னும் பழுதில்லாம ஓடுது."

சொல்லத்தான் போனார். அப்பக்கடையில் உம்மு குல்தூம் மகள் பிழைத்த சந்தோசத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சும்மாவே அப்பம் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வாங்கில் இருந்தவர்கள் நகர்ந்து நடுவில் இடம் கொடுத்தார்கள். அவள் இரண்டு முட்டை அப்பம் சுட்டு, மிளகுத்தூள் தூவி, அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சாப்பிட்டார். இரண்டையும் சாப்பிட்டார். அவர் வாழ்நாளில் செய்த காரியங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால், பொய் சொன்னதைக்கூட எப்படியாவது ஓர் ஓரத்தில் வைத்துவிடலாம். அந்த இரண்டாவது முட்டை அப்பத்தை எங்கே வைப்பது என்றுதான் அவருக்கு இன்றுவரை தெரியவில்லை.

முத்துவீரன் செட்டில் கடலைக் கேட்டார் என்ற செய்தி ராத்திரியோடு பரவி, செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தால் முற்றத்தில் ஏழு பேர். ஒவ்வொருவர் கையிலும், சொந்தக்காரர் இருந்த கிழக்கு ஊரின் பேரோடு ஒரு துண்டுக் கடுதாசி. கல்முனை, களுவாஞ்சிக்குடி, திருக்கோவில். தம்புள்ளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த இராமசாமி என்ற கிழவரும் இருந்தார். அவருடைய மகன் மரக்கறி லொறியோடு சனிக்கிழமை மட்டக்களப்புக்குப் போனவன்.

"பற்றரி சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு. உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, முத்துவீரன் லைசன்ஸைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, செட்டைச் சட்டைக்குள் ஒளித்து, கோழிக்கூட்டுப் பக்கமாகப் பின்வழியில் இறங்கி, றிவர்ஸ்டன் மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தார்.

இரவு முழுக்க யோசித்து வைத்திருந்த திட்டம் அது. மலை உச்சியில் நின்றால் தெளிவான நாளில் கிழக்கே வெகுதூரம் சமவெளி தெரியும். கண் போகிற இடத்துக்குக் குரலும் போகும். எவராவது ஒருவர் பதில் சொல்லி, ஹமீமா உண்மையிலேயே சுகமாக இருந்துவிட்டால், நேற்றுச் சொன்னது பொய்யாக இருக்காது. ஒரு நாள் முந்திச் சொன்ன உண்மையாகிவிடும்.

றிவர்ஸ்டன் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அங்கே பால் போடாத பிளேன்டி குடிப்பதென்றால் முதலில் சீனியை வாயில் போட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது அடுத்த கிராமத்தில் யாருடைய தேத்தண்ணீரிலாவது விழும். அந்தக் காற்றில் இடுப்பில் கட்டிய சாறனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒளிபரப்புக் கோபுரத்துக்குக் கீழே முத்துவீரன் செட்டை எடுத்தபோது, காவலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியோடு வந்தான். சின்ன வயசு. முத்துவீரன் கையைத் தூக்கிக்கொண்டு, சிங்களத்தில் விளக்கி, பொலித்தீன் பையை நீட்டினார். சிப்பாய் லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்தச் சிவப்பு என்ன மாமே?"

"குங்குமம் மகன். வீட்டுல அதுக்கும் பூசை நடக்குது."

சிரிப்பான் என்று நினைத்தார். அவன் சிரிக்கவில்லை. கடுதாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தங்காலைப் பக்கம் கேக்க ஏலுமா மாமே? எங்க வீடு கடலுக்குக் கிட்ட."

முத்துவீரன் தெற்கே பார்த்தார். மலைக்குப் பின்னால் மலை.

"ஏலாது மகன். அந்தப் பக்கம் இது எட்டாது."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நேற்று முற்றத்தில் தூக்க முடியாமல் போன அதே வார்த்தை, முன்பின் தெரியாத ஒரு பையனிடம் இவ்வளவு லேசாக வந்துவிட்டது. சிப்பாய், "பரவாயில்ல மாமே," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூப்பிட்டார். பற்றரியில் பாதி போய்விட்டது. கீழே மூடிக் கிடந்த பனி கிழக்குப் பக்கம் கொஞ்சம் விலகியபோது, செட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. மெலிந்த, கறாரான குரல்.

"என்னைக் கூப்பிடுற நிலையம், சொல்லுங்க. நான் மஸூதா, மருதமுனையில ஒரு முகாம்லயிருந்து பேசுறேன். இது அவசரச் செய்திக்கு மட்டும். ஓவர்."

அந்தச் செட்டில் மாத்தளையைத் தாண்டி அவரோடு பேசிய முதல் மனிதப் பிறவி அவள்தான். அவள் கண்டியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறவள் என்பதும், லைசன்ஸ் உள்ள நாலு பேரோடு ராத்திரியே புறப்பட்டு வந்தவள் என்பதும் பிறகு தெரிந்த விபரம்.

"ஒரு பொண்ணு பத்தி விசாரிக்கணும். பேரு ஹமீமா. ஓவர்."

"எங்கட பட்டியல்ல பதினொரு ஹமீமா இருக்காங்க. கணவர் பேர், அவர் தகப்பன் பேர், வீதி, வயசு சொல்லுங்க. ஓவர்."

முத்துவீரன் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் சொல்லாமல் விட்டார். கணவன் பெயர் என்ன? அந்தக் கல்யாணத்தில் அவர் இரண்டு தரம் புரியாணி வாங்கிச் சாப்பிட்டவர். மாப்பிள்ளை கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னவர். பெயர் நினைவில் இல்லை. வீதி தெரியாது. நேற்று உம்மு குல்தூம் அத்தனை பேருக்கு முன்னால் வந்து கேட்டபோது, ஒரு பெயரை, ஒரு முகவரியை அவர் கேட்கவில்லை. பொய் சொல்வதற்கு அதொன்றும் தேவைப்படவில்லை.

"அங்கிள், இருக்கீங்களா? ஓவர்."

"விபரம் கேட்டுட்டு வர்றேன். ஓவர்."

"விசாரிக்கச் சொன்னவங்க உங்ககிட்டச் சொல்லலயா? ஓவர்."

"நான் கேக்கல. ஓவர்."

"நாலு மணிக்குக் கூப்பிடுங்க. முழு விபரத்தோட. அவுட்."

மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பொய் தோன்றியது. பதிவுக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லலாம். பேச்சியம்மாவை அனுப்பிப் பேச்சோடு பேச்சாகக் கேட்கச் சொல்லலாம். எல்லாம் நல்ல பொய்கள். வேறு சமயமாக இருந்தால் ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பார். இரத்தோட்டையில் இறங்கியபோது எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு அப்பக்கடைக்கு நடந்தார்.

உம்மு குல்தூம் கடையில் தனியாக இருந்தாள். அவரைப் பார்த்ததும் மாவைச் சட்டியில் ஊற்றினாள்.

"தங்கச்சி, எனக்கு அப்பம் வேணாம். மருமகன் பேரென்ன?"

"ஏன் அண்ணன்?"

"நேத்து யாரும் எங்கிட்டப் பேசல."

அவள் சட்டியைப் பிடித்தபடியே நின்றாள். "அப்ப அந்தச் சத்தம்?"

"செட்டோட இரைச்சல். எப்பவும் வர்றது. கடல் இல்ல."

"பள்ளிக்கூடம்?"

"நானாச் சொன்னது."

அப்பம் கருகியது. கருகின வாசம் கடை முழுக்க வந்தது. அவள் அதைச் சுரண்டி எடுத்து ஒரு பக்கம் வைத்தாள், யாரோ சாப்பிடப் போகிற மாதிரிப் பத்திரமாக. அடுப்பை அணைத்தாள்.

"லொறி போயிட்டுதே," என்றாள். திட்டவில்லை. மண்ணை வாரி எறியவில்லை. அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்று முத்துவீரன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

"மருமகன் நௌஸாத். அவர்ட வாப்பா அப்துல் வாஹிது. கடற்கரை வீதி, தறி போட்டிருக்கிற வீடு. மகளுக்கு இருபத்திரெண்டு வயசு. எழுதுங்க." அவர் எழுதினார். "நானும் வாறன்," என்றாள். அந்த நேரத்திலிருந்து அவள் அவரை அண்ணன் என்று சொல்லவில்லை.

முற்றத்தில் இருந்த ஏழு பேருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. "இங்கருந்து செட்டு எட்டாது. நேத்து நான் சொன்னது பொய். மலைக்கு மேல போனா ஒரு ஆள் கெடைக்கிறாங்க. பேர், தகப்பன் பேர், வீதி எல்லாம் எழுதிக் குடுத்தீங்கன்னா கேட்டுப் பாக்குறேன்."

அப்பக்கடை வாங்கில் தினமும் உட்காருகிற ஒருவன், "அப்ப ஜப்பான் டாக்டர்?" என்றான்.

"அவரும் இல்ல."

அவனுடைய முகம் அதில்தான் அதிகமாக வாடியது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். தம்புள்ளை இராமசாமி தன் கடுதாசியை நாலாக மடித்து முத்துவீரன் பையில் தானே வைத்துவிட்டு, "எம்மகன் லொறி நம்பரும் அதுல இருக்குங்க," என்றார்.

த்ரீவீலர் ஆட்டோவில் உம்மு குல்தூம் பின் சீட்டில் இருந்தாள். முத்துவீரன் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவரின் சீட்டு ஓரத்தில் பாதி உடம்பை ஒட்டவைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி அத்தனை வளைவும் ஏறினார். அறுபது வயது மனிதர் இப்படித் தொங்குகிறாரே என்று டிரைவர் இரண்டு தரம் சொன்னான். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார்.

நாலு மணிக்கு மஸூதா பதில் சொன்னாள். விபரத்தை எழுதிக்கொண்டு, ஆள் அனுப்பித் தேடுவதாகச் சொல்லி இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னாள். அந்த இருபது நிமிடமும் உம்மு குல்தூம் அவரிடமிருந்து நாலு முழம் தள்ளி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு செட்டில் குரல் வந்தது.

"ஹமீமா, நௌஸாத் மனைவி, கடற்கரை வீதி. இருக்காங்க. உயிரோட இருக்காங்க. கால்ல காயம், மருந்து கட்டியிருக்கு. கணவரை இன்னும் காணல, தேடுறாங்க. அவங்க உம்மாவுக்கு ஒரு செய்தி தந்திருக்காங்க. எழுதினபடியே வாசிக்கிறேன். 'இரத்தோட்டை லொறி இன்று காலையில் வந்தது. துணியில் ஊர்ப் பெயரைப் பார்த்து நொண்டிக்கொண்டே போனேன். லொறி முழுக்க உம்மாவைத் தேடினேன். உம்மா ஏன் வரவில்லை?' செய்தி முடிந்தது. பதில் இருக்கா? ஓவர்."

உம்மு குல்தூம் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்தினாள். உயிரோட ஈக்கிறா, உயிரோட ஈக்கிறா என்று தனக்குள் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து கையை நீட்டினாள். லைசன்ஸ் உள்ளவர் பக்கத்தில் நின்றால் மற்றவரும் பேசலாம். முத்துவீரன் பொத்தானைக் காட்டிக் கொடுத்தார்.

"மகளுக்குச் சொல்லுங்க," என்றாள் அவள் செட்டுக்குள். "உம்மா புடிக்க முந்தி லொறி தப்பிப் போச்சு. நேரம் பிந்திட்டன். நாளைக்கு எப்பிடியும் வாறன் எண்டு சொல்லுங்க."

செட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவரைப் பார்க்கவில்லை. கோபுரத்தின் உச்சியைப் பார்த்தாள்.

முத்துவீரன் கணக்கில்லாத பொய்களைச் சொல்லியிருக்கிறார். அவருக்காக இன்னொருவர் பொய் சொன்னது அதுவே முதல் தடவை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"செய்தி கிடைச்சது," என்றாள் மஸூதா. வானொலி முறைப்படி, வாங்கிய செய்தியை அவள் திருப்பி வாசித்தாள். "'லொறி தப்பிவிட்டது. நேரம் பிந்திவிட்டேன். நாளை வருகிறேன்.' சரியா? ஓவர்."

சரி என்று சொல்ல வேண்டியது லைசன்ஸ்காரர். முத்துவீரன் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றார். அனுப்பிய செய்தியில் பிழை இருந்தால், திருத்தம் என்று சொல்லி மறுபடி அனுப்ப வேண்டும். பரீட்சையில் அதற்கு அவர் சரியாகப் பதில் எழுதியிருந்தார்.

"திருத்தம்," என்றார். "லொறி தப்பல. உம்மா பையக் கட்டிக்கிட்டுத் தயாரா நின்னாங்க. மகள் சொகமா இருக்கான்னு முத்துவீரன்னு ஒரு ஆள் பொய் சொன்னான். அத நம்பி எடத்த விட்டுட்டாங்க. நாளைக்கு வர்றாங்க. ஓவர்."

"அத ஏன் அவளுக்குச் சொல்றீங்க?" என்றாள் உம்மு குல்தூம் கோபத்தோடு. அவளுக்குக் கோபம் வந்ததே அப்போதுதான்.

"அவ ஒங்கள நெனச்சு மனசு கசக்கக் கூடாது."

செட்டு இரைந்தது. பிறகு மஸூதா, வங்கியில் கடிதம் வாசிப்பது போல, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி வாசித்தாள். "'உம்மா தயாராக இருந்தார். மகள் சுகம் என்று முத்துவீரன் என்பவர் பொய் சொன்னார். அதை நம்பி வரவில்லை. நாளை வருகிறார்.' சரியா? ஓவர்."

"சரி. ஓவர்."

"இந்த ஆள் இங்கயும் யாருக்காவது இப்படிச் சொல்லியிருந்தா நாங்க தெரிஞ்சிருக்கணும். யார் இவர், உங்களுக்குத் தெரிஞ்சவரா? ஓவர்."

காற்று சாறனைப் பிடித்து இழுத்தது. சிப்பாய் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான். ஓவர்."

பற்றரி முடிந்துவிட்டதோ என்று பார்த்தார். முடியவில்லை. அப்படி ஓர் அதிர்ஷ்டம் அவருக்கு இல்லை.

"கிடைச்சது," என்றாள் மஸூதா. அங்கிள் என்று அவள் சொல்லவில்லை. "வேற யாரையும் விசாரிக்கணுமா? ஓவர்."

இராமசாமியின் கடுதாசியைப் பிரித்தார். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. ஒரு கையில் செட்டு, ஒரு கையில் சாறன். கடுதாசியைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்று உம்மு குல்தூமிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கல்லின்மேல் கடுதாசியை விரித்து, அதன்மேல் முழங்காலை ஊன்றிக் குனிந்து, லொறி நம்பரிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.